போன் சைனாவுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு, ஸ்போட் பீங்கான் நிறுவனத்தின் வரலாற்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜோசையா ஸ்போட் 1776இல் இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் ஆலை வாங்கியது, 1784 வாக்கில் மெருகுப் பூச்சுக்கு அடியில் நீலச் சித்திரம் அச்சிட்டது வரை இடறவில்லை. ‘போன் சைனா’ (bone china) என்ற பீங்கான் வகையின் பெயரில் நின்றுவிட்டேன். அப்படியே எழுதினால் சீனக் கைபேசியா என்கிறார்கள். ‘எலும்புச் சீனா’ என்றால், அது எந்த மாகாணம் என்று மகள் கேட்கிறாள்.

புலவர்:
‘என்புப் பீங்கான்’ என்க. குறள் அறிந்தவருக்கு என்பு புதிதன்று. எலும்புதான் வேண்டுமென்றால் இலக்கணத்தையும் பாருங்கள்: இரும்பு + பாதை இருப்புப்பாதை, கரும்பு + வில் கருப்புவில். ஆகவே ‘எலுப்புப் பீங்கான்’.

பீங்கான் தொழிலில் இருந்து ஓய்வுபெற்றவர்:
புலவர் ஐயா, எலும்புக்கூட்டை எலுப்புக்கூடு என்றா எழுதுகிறீர்கள்? ‘என்பு’ என்று அச்சிட்டால் ‘என்பது’ பிழையாக விழுந்திருக்கிறது என்பார்கள். மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி அரைத்து, இங்கிலாந்தின் கார்ன்வால் வெண்களிமண்ணோடும் கல்லோடும் கலப்பார்கள். பாதி சாம்பல், மற்றவை கால் கால். எலும்பு எலும்பாக எங்கே இருக்கிறது? ‘எலும்புச்சாம்பல் பீங்கான்’ என்பதே சரி. நல்ல கோப்பையை விளக்குக்கு எதிரே பிடித்தால் பின்னால் இருக்கும் விரலின் நிழல் உள்ளே தெரியும்.
இன்னொன்று: ஸ்போட் கண்டுபிடித்தார் என்று எழுதிவிடாதீர்கள். லண்டனை ஒட்டிய ‘போ’ (Bow) ஆலையில் தாமஸ் ஃபிரை 1740களிலேயே எலும்புச்சாம்பல் சேர்த்தார். கலவையைப் பக்குவப்படுத்தியதுதான் ஸ்போட். தந்தை 1797இல் மறைய, அதைச் சந்தையில் நிலைநிறுத்தியவர் அதே பெயர்கொண்ட மகன்.

வேர்ச்சொல் ஆர்வலர்:
பீங்கானே தமிழா? மலாயில் பிங்கான் என்றால் தட்டு. பாரசீகத்திலும் உறவு காட்டுகிறார்கள். கலம் நம் சொல். ‘வெண்சாம்பற்கலம்’, சுருக்கமாக ‘வெண்கலம்’.

பள்ளி ஆசிரியை:
வெண்கலத்தில் நாங்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருக்கிறோம், ஐயா. என் கவலை வேறு. எங்கள் வீட்டில் எலும்பு என்று தெரிந்தால் அந்தக் கோப்பையில் யாரும் காபி குடிக்க மாட்டார்கள். ‘ஒளிப்பீங்கான்’ ஆகாதா?

ஓய்வுபெற்றவர்:
அம்மா, உள்ளே இருப்பதை ஒளிப்பதால் ஒளிப்பீங்கானா? கலைச்சொல் பொருளைக் காட்ட வேண்டும்.

வேர்ச்சொல் ஆர்வலர்:
‘ஒளி’யின் இருபொருள் குறித்துத் தனி மடல் எழுதுகிறேன். அதன் வேர் ‘ஒள்’. (தொடரும்)

மொழிபெயர்ப்பாளர்:
தொடர வேண்டாம், தயவுசெய்து. நால்வரும் ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். முதலில் வரும் இடத்தில் ‘எலும்புச்சாம்பல் பீங்கான்’ என்று போட்டுவிட்டு, பிறகு வெறும் ‘பீங்கான்’ என்று ஓட்டிவிட்டேன். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.

புலவர்:
என் மறுப்பு பதிவாகட்டும். அந்தச் சொல்லே என்றாலும் ‘சாம்பற்பீங்கான்’ என்றல்லவா புணர வேண்டும்? மெய்ப்பு வந்ததும் திருத்துவீர்களா?