புதுப்பிப்பு: கோத்தகிரி சித்தப்பாவின் காய்ச்சலும் கிட்னியும்

சித்தப்பாவுக்குக் காய்ச்சல் விடவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, கிரியேட்டினின் (கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 4.2 என்று எழுதியிருந்தேன். டெங்குவா, எலிக்காய்ச்சலா என்று பலரும் கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை, ஸ்க்ரப் டைஃபஸ்; சிற்றுண்ணி கடித்துப் பரவும் ஒரு பாக்டீரியாக் காய்ச்சல்.

கண்டுபிடித்தது ஒரு நர்ஸ் அக்கா. உடம்பு துடைத்துவிடும்போது, அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்பாக ஒரு பொருக்கு. வலி, அரிப்பு எதுவும் இல்லாததால் சித்தப்பாவுக்கே தெரியவில்லை. புதரில் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழு கடித்த இடம் அது. தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் அவர் விறகு பொறுக்காத நாள் உண்டா?

சரி, கிட்னி ஏன் அடிவாங்கியது? இந்தப் பாக்டீரியா சின்ன ரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. ரத்தத்திலுள்ள நீர் வெளியே கசிகிறது, பிரஷர் இறங்குகிறது, கிட்னிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. போதாக்குறைக்கு, உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக் வேறு போட்டிருக்கிறார். அதுவும் கிட்னிக்கு ஆகாது.

முதலில் போட்ட செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி இந்தக் கிருமியிடம் எடுபடாதாம். டாக்சிசைக்ளின் என்ற வேறு ஆன்டிபயாடிக் ஏறியதும் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கியது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. நேற்று கிரியேட்டினின் 1.6. வீட்டுக்கு வந்தபின்னும் ரத்தப் பரிசோதனை தொடரும். வலி மாத்திரைப் பட்டையைச் சித்தி ஒளித்துவைத்துவிட்டார்.