பல்கலைக்கழகக் குடிமை உரிமை மையம் வழக்காட உள்ளாட்சிகள் ஆதரவு தெரிவிப்பதால் பயன் உண்டா?

கேள்வி:

வணக்கம். அமெரிக்காவின் சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் 2001ஆம் ஆண்டு குடிமை உரிமை வழக்கறிஞர் ஜூலியஸ் சேம்பர்ஸ் தொடங்கிய குடிமை உரிமை மையம், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாத கறுப்பின மக்களுக்காகவும் ஏழைகளுக்காகவும் நீதிமன்றம் ஏறி வந்தது. 2017 செப்டம்பரில் பல்கலைக்கழக அமைப்பின் ஆளுநர் குழு, இத்தகைய மையங்கள் இனி வழக்கு நடத்தக் கூடாது என்று தடை விதித்தது. இப்படியொரு தடை வரும்போது ஒரு நகர மன்றமோ கவுண்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) ஆணையர் குழுவோ மையத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டால் அதற்குச் சட்ட மதிப்பு ஏதும் உண்டா? அந்த மையம் கவுண்டிகள் மீதும் பள்ளி வாரியங்கள் மீதும்கூட வழக்குத் தொடுத்திருக்கிறது. நாளை தன்னையே கூண்டில் ஏற்றக்கூடியவர்களுக்கு ஓர் உள்ளாட்சி எதற்காகத் துணை நிற்க வேண்டும்?

முதல் மறுமொழி:

சட்டப்படி அந்தத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆளுநர் குழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது மாநிலச் சட்டமன்றம். நகரங்களும் கவுண்டிகளும் அதே சட்டமன்றம் கொடுத்த அதிகாரத்தில்தான் இயங்குகின்றன. ஆனால் தடையை முன்மொழிந்தவர்கள் சொன்ன காரணத்தை நினைத்துப் பாருங்கள். அரசின் ஒரு கை இன்னொரு கை மீது வழக்குப் போடுவது முறையல்ல, அதனால் உள்ளாட்சிகள் வரிப்பணத்தைச் செலவழித்து எதிர்வாதம் செய்ய நேர்கிறது என்றார்கள். மையமோ மாநில அரசின் பணத்தில் அல்ல, நன்கொடையிலும் அறக்கட்டளை நிதியிலும் நடந்தது. யாரைக் காப்பதாகச் சொல்லித் தடை கொண்டுவரப்படுகிறதோ அந்த உள்ளாட்சியே எழுந்து, எங்களுக்கு இந்தக் காப்பு வேண்டாம் என்று பதிவு செய்தால், அந்தக் காரணத்தின் கால் முறிந்துவிடுகிறது. தடை 24க்கு 3 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேறியது என்பதையும், தீர்மானத்தால் அந்தக் கணக்கு மாறியிருக்காது என்பதையும் நான் அறிவேன். இருந்தாலும் ஆவணத்தில் அந்தக் குரல் இருந்தாக வேண்டும்.

இரண்டாம் மறுமொழி:

ஹாலிஃபாக்ஸ் கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறிய கவுண்டிக்குள் மூன்று தனித்தனிப் பள்ளி மாவட்டங்கள், அதாவது தனி நிர்வாகம் கொண்ட பள்ளிப் பகுதிகள், இருந்தன. இரண்டில் ஏறக்குறைய எல்லா மாணவர்களும் கறுப்பினக் குழந்தைகள். ரோனோக் ராப்பிட்ஸ் மாவட்டத்தில் மட்டும் வெள்ளையர் பெரும்பான்மை. இந்தப் பிரிவினையை நீடிக்க விட்டதற்காக, பெற்றோர் சார்பில் 2015இல் மையம் கவுண்டி ஆணையர் குழு மீது வழக்குத் தொடுத்தது. 2018 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம், நல்ல அடிப்படைக் கல்விக்கான அரசியலமைப்புப் பொறுப்பு மாநிலத்துடையது, கவுண்டியுடையது அன்று என்று தீர்ப்பளித்தது. பெற்றோர் தோற்றார்கள். ஆனால் இழப்பீடாக ஒரு டாலரும் கைக்கு வராத, மூன்று ஆண்டுக்கு மேல் இழுக்கும் இத்தகைய வழக்கை எந்தத் தனியார் வழக்கறிஞர் எடுப்பார்? கூட்டாட்சிக் குடிமை உரிமை வழக்குகளில் எதிர்த்தரப்பிடம் வழக்கறிஞர் கட்டணம் பெற 1976ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது, அதுவும் வென்றால்தான். ஓர் உள்ளாட்சி இந்த மையத்தை ஆதரிக்கும்போது, தன் குடிமக்களின் முறையீடு தனக்கு எதிரானதாக இருந்தாலும் அது கேட்கப்படட்டும் என்று சொல்கிறது. அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மூன்றாம் மறுமொழி:

ஆதரவு எந்த வடிவில் வருகிறது என்பதில் கவனம் வேண்டும். உள்ளாட்சி நேரடியாக நிதி கொடுப்பதை நான் எதிர்க்கிறேன், ஏனெனில் இன்று படியளப்பவரை நாளை பிரதிவாதியாக்கத் தயங்காத மனிதர்கள் குறைவு. மையத்தின் வழக்கறிஞர் ஒருவர் அதே காலத்தில் ஆரஞ்சு கவுண்டி ஆணையராகவும் இருந்தார். அத்தகையவர் இப்படியொரு தீர்மானத்தின் மீதான வாக்கெடுப்பிலிருந்து விலகி நிற்பதே முறை. பொதுப் பதிவேடுகளைக் கேட்டவுடன் தருவதும், வரைபடங்களையும் பள்ளிச் சேர்க்கை விவரங்களையும் மறைக்காமல் இருப்பதும் தீர்மானத்தைவிட மேலான உதவி.

தடையில் சட்ட உதவிப் பயிற்சி மையங்களுக்கு (சட்ட மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் உண்மையான வழக்குகளைக் கையாளும் இடங்கள்) விலக்கு இருந்ததே, அது போதாதா என்று சிலர் கேட்கக் கூடும். போதாது என்பதே என் கருத்து. அங்கே வேலை பருவத்துக்குப் பருவம் மாணவர் கைமாறும். பிட் கவுண்டியின் பள்ளி இனப் பிரிவினை வழக்கோ 1960களில் தொடங்கி 2015இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அத்தனை ஆண்டு வழக்குக் கட்டுகளையும் படித்து, பெற்றோரின் பெயர்களை நினைவில் வைத்திருக்கும் முழுநேர வழக்கறிஞர் ஒருவராவது அந்த அறையில் இருக்க வேண்டும்.