ரங்கூன் வெயிலுக்குச் சூடேறாத கிராஃபிக்ஸ் கார்டு எது?

அண்ணன்மாருக்கு வணக்கம். ரங்கூனில் மூணாவது மாடி வீடு, மேலே தகரக் கூரை. தண்ணீர்த் திருவிழா நெருங்கிவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு என் அறையில் 37 டிகிரி. ஏசி கிடையாது. பழைய ஆர்எக்ஸ் 580 கார்டில் அரை மணி நேரம் விளையாடினாலே 86 டிகிரி ஏறி, படம் திக்கித் திக்கி ஓடுகிறது. சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றினேன். ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்கில் பஞ்சு மாதிரி அடைந்திருந்த தூசியைப் பிரஷ்ஷால் எடுத்தேன். கணினிப் பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைத்தும் நாலு டிகிரிதான் குறைந்தது.

அந்தக் கார்டு 185 வாட் வரை இழுக்கும். இழுக்கிற வாட் அத்தனையும் கடைசியில் அறைக்குள்தான் சூடாக இறங்குகிறது. எத்தனை விசிறி இருந்தாலும் அது மாறாது. அதனால் முதலில் வாட்டைத்தான் பார்க்கிறேன்: ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115, ஆர்எக்ஸ் 6600 என்றால் 132. ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170 என்பதால் அதை விட்டுவிட்டேன். எனக்கு 1080பி திரைத் தெளிவில் நொடிக்கு 60 ஃப்ரேம் போதும்.

ஏசி இல்லாத அறையில் 4060 வைத்திருப்பவர்கள், ஏப்ரல் மதியத்தில் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று சொல்லுங்கள். மூன்று விசிறி மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா, இரண்டு விசிறி மாடல் வாங்கி அண்டர்வோல்ட் செய்தால் (கார்டுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைத்தால்) போதுமா? கரண்ட் போனால் இன்வெர்ட்டரில்தான் ஓட்டுகிறேன், அதையும் மனதில் வையுங்கள். மண்டலேக்காரர்கள் இதைவிடக் கடும் வெயில் பார்த்தவர்கள், உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.