டெர்மினலில் ஃபோல்டர் மாற சுருக்கு வழி உண்டா?

கேள்வி: உபுண்டு சர்வர், பேஷ் ஷெல். ஒரு பக்கம் இன்ஜின்எக்ஸ் (nginx) வெப் சர்வரின் லாக் ஃபோல்டர், இன்னொரு பக்கம் ஹோமுக்குள் ஐந்தாறு அடுக்கு தள்ளி என் ப்ராஜெக்ட். நாள் முழுக்க முழுப் பாதையையும் அடித்து விரல் தேய்கிறது. புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய அனுமதி இல்லை.

பதில் 1: இரண்டே இடம்தானே? ஃபோல்டர் மாற்றும் 'சிடி' (cd) கட்டளையை அடித்து, இடைவெளி விட்டு, ஒரு கழித்தல் குறி மட்டும் போடுங்கள். முந்தைய இடத்துக்குப் போய்விடும். மறுபடி போட்டால் திரும்பி வரும்.

பதில் 2: நான் தினமும் நம்பியிருப்பது சிடிபாத் (CDPATH); ஃபோல்டரை எங்கெல்லாம் தேட வேண்டும் என்று சிடிக்குச் சொல்லும் மாறி அது. பேஷ் தொடங்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் அதன் மதிப்பாக முதலில் ஒரு புள்ளி, அடுத்து கோலன், அப்புறம் ப்ராஜெக்டுகள் இருக்கும் மேல் ஃபோல்டரின் பாதை. பிறகு எங்கிருந்தாலும் சிடியோடு ப்ராஜெக்ட் பெயரை அடித்தால் போதும். தயவுசெய்து அதை எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள், அதாவது ஷெல்லிலிருந்து ஓடும் ஸ்கிரிப்டுகளுக்கும் போய்ச் சேரும்படி வைக்காதீர்கள். சிடிபாத் வழியாகப் போகும்போது பேஷ் புதிய பாதையை அச்சிடும். ஸ்கிரிப்டுகளின் வெளியீட்டில் அது கலந்துவிட்டால் காரணம் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பதில் 3: சொந்த லேப்டாப்பில் ஜாக்ஸைடு (zoxide) என்ற ஃபோல்டர் மாற்றும் கருவியைப் போட்டுக்கொள்ளுங்கள். அடிக்கடி, அண்மையில் போன இடங்களை அதுவே நினைவில் வைக்கும்; பெயரில் பாதி அடித்தாலே போதும்.

கேட்டவர்: கழித்தல் குறியே இப்போதைக்குப் போதும். சிடிபாத்தை இன்று மாலை சேர்க்கிறேன். நன்றி அண்ணா!