ரோசம்மா அக்கா கணக்கு

குழு: வடக்குவீடு குடும்பம்
செவ்வாய், 9 டிசம்பர் 2025

ரூபன் (துபாய்): [பலமுறை பகிரப்பட்டது] முதலாளிகளே உஷார்!! புதிய தொழிலாளர் சட்டம் அமல்!! இனி ஒரு வருடம் வேலை பார்த்தாலே எல்லோருக்கும் கிராஜுவிட்டி. தினமும் 12 மணி நேர வேலை. 2 நாளில் முழு செட்டில்மெண்ட், தவறினால் ஜெயில்!! அனைவருக்கும் பகிரவும்

ரூபன் (துபாய்): அப்பா இத பாத்தீளா

தாஸ்: காலத்தே மூணு பேரு அனுப்பியாச்சு

தாஸ்: ஷீபா இது உள்ளதா மக்களே. ரோசம்மா இந்த வெள்ளியோட நம்ம முந்திரி ஆபீஸ் வேலைய விட்டு நிக்கப் போறாளாம். முட்டுவலி. மணையில இருக்க முடியல்லியாம்

செலின்: ஐயோ ரோசம்மாவா

லில்லி: அவ போனா பின்ன பருப்பு உடையாம அண்டி தல்லி ஓடு எடுக்க அங்க யாரு இருக்கா

பிரின்ஸ்: கேரல் ரவுண்ட்ஸ் நம்ம வீட்டுக்கு என்னைக்கு வருது? யாருக்காவது தெரியுமா

ஷீபா: பெரியப்பா, அதுல பாதி சரி, பாதி தப்பு. பொறுமையா வாசியுங்க. நவம்பர் 21-ம் தேதி 4 சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது உள்ளதுதான். ஊதியம், தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்புன்னு நாலு. மத்திய அரசோட 29 பழைய சட்டத்த இதுக்குள்ள அடக்கிட்டாங்க. நம்ம மாநில விதி இன்னும் இறுதியாகல்ல. அது வரைக்கும் பழைய விதிகள், புதுச் சட்டத்தோட முட்டாத அளவுக்கு ஓடும்.

ஷீபா: ஒரு வருஷத்துல கிராஜுவிட்டி, அதாவது வேலைய விடும்போது குடுக்கிற பணிக்கொடை, எல்லாருக்கும் இல்ல. இத்தன மாசம்னு தேதி போட்டு ஒப்பந்தத்துல எடுக்கிற ஆளுக்கு மட்டும்தான். நம்ம தல்லு, தோலு உரிக்கிற பீலிங், தரம் பிரிக்கிற கிரேடிங்ல இருக்கவங்க எல்லாம் நிரந்தர ஆளுங்க. அவங்களுக்குப் பழையபடி 5 வருஷம்தான். இடையில இறந்துபோனாலோ, வேலை செய்ய முடியாதபடி உடம்பு போனாலோ அந்த 5 வருஷமும் தேவையில்ல.

தாஸ்: அப்பம் சரி

ரூபன் (துபாய்): 12 மணி நேரம்?

ஷீபா: ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதுக்கு மேல போனா ரெட்டிச் சம்பளம். 2023 ஏப்ரல்ல நம்ம சட்டசபையில 12 மணி நேர மசோதா வந்து, மே 1-ம் தேதியே திரும்பப் பெற்றாங்களே, அந்தச் செய்தியையும் இதையும் சேத்துக் குழப்பிட்டாங்க.

செலின்: ரோசம்மாக்கு என்ன குடுக்கணும் அத சொல்லு மக்ளே

லில்லி: அதத்தான் நானும் கேக்க வந்தேன். எனக்கு ஆபீஸ்ல பங்கு கெடையாது, ஆனா கேக்கலாம்லா

தாஸ்: லில்லி இப்பம் அது வேண்டாம்

ஷீபா: ரெண்டு தனித்தனி காரியம் இருக்கு. ஒண்ணு, கடைசி வாரச் சம்பளம், லீவு பாக்கி. இத வேலைய விட்டு 2 வேலை நாளுக்குள்ள குடுக்கணும். முன்ன, ஆளு தானா நின்னா அடுத்த சம்பள நாள் வரைக்கும் இழுப்போம். இனி அது நடக்காது. ரெண்டாவது, கிராஜுவிட்டி. அதுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. தாண்டினா வட்டி. ஃபார்வர்ட்ல இது ரெண்டையும் ஒண்ணாக் கலந்துட்டாங்க.

ஷீபா: வெள்ளி 12-ம் தேதி அக்கா நிக்காங்க. 13-ம் தேதி ரெண்டாம் சனி, பேங்க் கெடையாது. ஆனா நம்ம ஆபீஸ் சனிக்கிழமை வேலை நாள். அதனால சனி, திங்கள். திங்கள் அந்திக்குள்ள சம்பளக் கணக்கு முடியணும். நான் வெள்ளிக்கே முடிச்சிரலாம்னு சொல்லுதேன்.

தாஸ்: ஜெயில்?

ஷீபா: சம்பளத்தக் குறைச்சுக் குடுத்தா முதல் தடவ 50,000 ரூபா வரைக்கும் அபராதம். 5 வருஷத்துக்குள்ள அதே தப்பத் திரும்பச் செஞ்சா 3 மாசம் வரை ஜெயில், இல்லன்னா 1 லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். ஒரு நாள் பிந்திட்டா போலீஸ் வராது பெரியப்பா.

பிரின்ஸ்: மாமா நிம்மதி 😄

சுஜி: கேரல் 18-ம் தேதின்னு கமிட்டில சொன்னாங்க. பலகாரம் யாரு செய்யா?

லில்லி: முந்திரிக்கொத்து நான் செய்யுதேன். பயறு வறுக்க ஆள் வேணும்

தாஸ்: கிராஜுவிட்டி எவ்வளவு வரும் ஏகதேசம்

ஷீபா: ரோசம்மா அக்கா எடைக் கணக்குல சம்பளம் வாங்குற ஆளு. அவங்களுக்கு மாசச் சம்பளத்த 26-ஆல வகுக்கிற கணக்கு கெடையாது. கடைசி 3 மாசம் வாங்கின கூலியோட சராசரி நாள் கூலி எடுக்கணும், ஓவர்டைம் சேக்காம. நான் பாத்தேன், 420 வருது. வருஷத்துக்கு 15 நாள் கூலி. 420 பெருக்கல் 15 பெருக்கல் வருஷம்.

ஷீபா: கேள்வி என்னன்னா, எத்தன வருஷம்?

தாஸ்: மஸ்டர்ல, அந்த ஆள் வருகைப் பதிவேட்டுல, 2011 ஏப்ரல்

ஷீபா: 14 வருஷம் 8 மாசம். 6 மாசம் தாண்டினா அது முழு வருஷம். ஆகக்கூடி 15. 94,500.

லில்லி: 2011-ஆ???

லில்லி: அண்ணா அவ சுனாமி கழிஞ்சு வந்தவ. கொளச்சல்ல வீடு போயி, ரெண்டு பிள்ளையளயும் கூட்டிட்டு வந்து நம்ம அம்மைகிட்டதான் வேலை கேட்டா. நான் அன்னைக்கு அடுக்களையில நின்னேன். 2005 ஜனவரி. அம்மை அவளுக்கு என் சாரி ரெண்டு எடுத்துக் குடுத்தா

செலின்: உள்ளதுதான் அத்தான். எனக்கும் ஓர்மை இருக்கு

தாஸ்: அது ரெண்டாவது ஷெட்டு. அப்பம் அது வேற பேருல இருந்தது. 2011-லதான் ஒண்ணாச் சேத்தோம்

ரூபன் (துபாய்): எதுக்கு ரெண்டா பிரிச்சு வச்சிருந்தோம்?

பிரின்ஸ்: அத இங்க கேக்காத மச்சான்

லில்லி: கேக்கட்டு. 20 ஆள் ஆனா பிஎஃப் போடணும்னு ஆடிட்டர் சொன்னாரு, அதுக்குதான் பிரிச்சது. சின்ன அண்ணன், ஷீபாக்க அப்பா, வேண்டாம்னு எவ்வளவு சொல்லிச்சு. ஷீபாக்கு அப்பம் எட்டு ஒம்பது வயசு, அவளுக்குத் தெரியாது

தாஸ்: அந்தக் காலத்துல எல்லா ஆபீஸும் அப்பிடித்தான் ஓடிச்சு. கொல்லம் விலைக்கும் நம்ம விலைக்கும் நடுவுல நின்னு பாத்தவனுக்குத் தெரியும்

ஷீபா: மாமி, பெரியப்பா, யாரையும் குத்தம் சொல்லாண்டாம். நான் இந்த ஒண்ணத்தான் சொல்லுதேன். ஷெட்டோட பேரு மாறிச்சு, ரோசம்மா அக்கா இருந்த மணை மாறல்ல. அதே இடம், அதே குடும்பம், சம்பளம் குடுத்ததும் அப்பாவும் நீங்களும்தான். ஒரு நாள் கூட இடைவெளி இல்ல. இத தொடர்ச்சியான வேலைன்னுதான் நான் எடுப்பேன். நாளைக்கு அவங்க தொழிலாளர் துறையில போய் நின்னா நம்ம சொல்லப்போற பதில் அங்க நிக்காது. அதுக்குப் பயந்தும் நான் சொல்லல்ல. அண்டிக் கறை பட்டு அவங்க வலது கைப் பெருவிரலும் சுட்டு விரலும் தோலு உரிஞ்சு உரிஞ்சு இப்பம் ரேகையே கெடையாது. ரேஷன் கடையில மெஷின் அவங்க விரல எடுக்க மாட்டேங்குதுன்னு மகன அனுப்புறாங்க. அந்த விரலுக்கு ஆறு வருஷத்தக் குறைச்சுக் குடுக்க எனக்கு மனசு வரல்ல.

செலின்: 🙏

சுஜி: ஆமா அக்கா. நானும் பாத்திருக்கேன்

ஷீபா: 2005 ஜனவரின்னா 20 வருஷம் 11 மாசம். கணக்குக்கு 21. 1,32,300. வித்தியாசம் 37,800.

தாஸ்: 37,800 சின்ன காரியமில்ல மக்களே. ஓட்டோட வாங்குற தோட்டண்டி விலை என்னான்னு தெரியுமா உனக்கு

ஷீபா: தெரியும். பில்லு போடுறது நான்தானே பெரியப்பா.

ரூபன் (துபாய்): அப்பா குடுத்துருங்க. பாதி நான் அனுப்புதேன்

தாஸ்: நீ அனுப்பாண்டாம். ஆபீஸ் கணக்குலதான் போகணும்

லில்லி: அப்பம் குடுக்கலாம்னு அர்த்தமா

தாஸ்: தெளிவு இருக்கா? 2005-ன்னு எழுத்துல ஏதாவது?

ஷீபா: ஈஎஸ்ஐ கார்டு, அந்த மருத்துவக் காப்பீட்டுக் கார்டு, இருக்கும். ரெண்டாவது ஷெட்டுக்கும் ஈஎஸ்ஐ கட்டியிருக்கு, அப்பா எழுதின நோட்டுல சலான் ஒட்டி வச்சிருக்கு. அந்த ஷெட்டோட பழைய மஸ்டர் கெடைச்சா இன்னும் நல்லது.

தாஸ்: மஸ்டர் எல்லாம் மச்சுல இருக்கு. கரையான் விட்டுவச்சிருந்தா

பிரின்ஸ்: நான் ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துத் தாறேன் மாமா. கிறிஸ்மஸ் ஸ்டாரும் மச்சுலதானே இருக்கு

சுஜி: ஞாயிறு வேண்டாம், அன்னைக்கு சண்டே ஸ்கூல் புரோகிராம்

ஷீபா: வெள்ளிக்கு முன்னாடி வேணும் பிரின்ஸ். இதோட இன்னும் மூணு காரியம் இருக்கு, இப்பமே சொல்லிருதேன். ஒண்ணு, எல்லாருக்கும் நியமனக் கடிதம் குடுக்கணும். இதுவரைக்கும் குடுக்காத பழைய ஆளுங்களுக்கும் சட்டம் வந்து 3 மாசத்துக்குள்ள, அதாவது பிப்ரவரி 21-க்குள்ள. நம்ம 31 பேர்ல ஒருத்தருக்கும் கெடையாது. அதுல சேந்த தேதி போடணும். ரோசம்மா அக்காக்கு வந்த கேள்வி அந்த ரெண்டாவது ஷெட்டுல இருந்து வந்த எல்லாருக்கும் வரும். இன்னும் எட்டு பேரு இருக்காங்க.

தாஸ்: எட்டு பேரா

ஷீபா: ஆமா. ரெண்டாவது, சூப்பர்வைசர் அண்ணனுக்கு அடிப்படை 6,000, படி 12,000-ன்னு எழுதியிருக்கோம். மொத்தத்துல பாதிக்கு மேல படி இருந்தா, மிஞ்சின படியும் ஊதியமாத்தான் கணக்காகும். 18,000-ல பாதி 9,000. அவருக்கு கிராஜுவிட்டி 6,000-த்த வச்சுப் பாத்தா வருஷத்துக்கு 3,461, 9,000-த்த வச்சுப் பாத்தா 5,192. இத அடுத்த மாசமே சரி பண்ணணும்.

ஷீபா: மூணாவது, லீவு. முன்ன வருஷத்துல 240 நாள் வேலை பாத்தாதான் சம்பளத்தோட லீவு. இப்பம் 180 நாள் போதும். பொம்பளையாளுங்க நிறைய பேருக்கு இதுதான் பெரிய காரியம். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுல விசேஷம்னு நின்னு நின்னு 240 தொடாமப் போனவங்க எல்லாம் இப்பம் உள்ள வருவாங்க.

லில்லி: கிறிஸ்மஸ் போனஸ் என்னாச்சு?

ஷீபா: தீபாவளிக்கே குடுத்தாச்சு மாமி. கணக்கு வருஷம் முடிஞ்சு 8 மாசத்துக்குள்ள குடுக்கணும், அதனால நவம்பர் 30-தான் கடைசி. கிறிஸ்மஸுக்குக் கேக்கும் துணியும்.

செலின்: கேக்கு மார்த்தாண்டத்துல சொல்லலாமா, இல்ல சுஜி செய்யுதியா

சுஜி: 31 பேருக்கா மாமி! கடையில சொல்லுங்க

ரூபன் (துபாய்): ஷீபா, பிஎஃப்ல விட்டுப்போனவங்கள சேக்க ஏதோ திட்டம்னு இங்க ஒரு பய சொன்னான். உள்ளதா?

ஷீபா: உள்ளது அண்ணா. 2017 ஜூலை 1-ல இருந்து 2025 அக்டோபர் 31 வரைக்கும் சேந்து விட்டுப்போன ஆளுங்கள 2026 ஏப்ரல் 30-க்குள்ள சேக்கலாம். அவங்க சம்பளத்துல பிடிக்காத பங்கக் கட்டவேண்டாம், முதலாளி பங்கும் வட்டியும், அபராதமா 100 ரூபாயும். நம்ம கிரேடிங்ல மூணு பேரு அப்பிடி இருக்காங்க. நான் பட்டியல் எழுதி வச்சிருக்கேன் பெரியப்பா, கையெழுத்து மட்டும் வேணும்.

தாஸ்: எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டா எப்பிடி. ஆடிட்டர்கிட்ட ஒரு வாக்கு கேப்போம்

லில்லி: அந்த ஆடிட்டரா? ரெண்டா பிரிக்கச் சொன்னவரா?

தாஸ்: அவரு போயிட்டாரு. இப்பம் அவரு மகன்

ஷீபா: கேளுங்க பெரியப்பா, நானும் கூட வாறேன். ஆனா சம்பளக் கணக்கு வெள்ளிக்கிழமையே. அதுக்கு யாருகிட்டயும் கேக்கவேண்டாம்.

தாஸ்: அது வெள்ளி குடுத்துரு. லீவு பாக்கியும் சேத்து

தாஸ்: மற்றத ஈஎஸ்ஐ கார்டு பாத்துட்டு சொல்லுதேன்

லில்லி: கார்டு அவகிட்ட இருக்கா, உங்க அலமாரியில இருக்கா

தாஸ்: அவகிட்டதான் இருக்கும்

செலின்: நான் நாளைக்குக் காலத்தே அவ வீட்டுக்குப் போறேன். முட்டுக்கு எண்ணெயும் கொண்டு குடுக்கணும்

ஷீபா: அம்மா கார்டு ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க. வெளிச்சத்துல வச்சு.

பிரின்ஸ்: நான் நாளைக்கு ஆறு மணிக்கு மச்சுல ஏறுதேன். ஏணி யாரு வீட்டுல இருக்கு?

சுஜி: போன வருஷம் லில்லி மாமி வாங்கிட்டுப் போனாங்க

லில்லி: நான் அத அப்பமே திருப்பித் தந்தாச்சு