நட்சத்திரக் கோட்டை வரைபடம்: கொத்தளத்தின் விலா எந்த இடத்தில் வரவேண்டும்?

கோட்டைவரைவு:

1:1000 அளவில் ஆறு முனை நட்சத்திரக் கோட்டை ஒன்றுக்கு மாதிரி செய்கிறேன். 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாணி, அக்காலப் பிரெஞ்சுக் கோட்டைப் பொறியாளர் வோபானின் முறை. அறுகோணத்தின் ஒரு பக்கம் 35 செ.மீ., அதாவது நிஜத்தில் 350 மீட்டர். மூலைக் கொத்தளங்களைக் கண்ணளவில் வரைந்தேன். ஆனால் ஒரு கொத்தளத்தின் விலாவில் (முகத்தை மதிலோடு சேர்க்கும் பக்கச்சுவரில்) ஸ்கேலை வைத்துப் பார்த்தால் எதிர்க் கொத்தளத்தின் முகம் (முனையிலிருந்து வரும் வெளிச்சுவர்) பாதிதான் அகப்படுகிறது.

விலாவை எங்கே, எந்தக் கோணத்தில் போடுவது? அகழியின் வெளிக்கரை கொத்தள முகத்துக்கு இணையாகப் போகலாமா? இன்னொன்று: வட்டமான பழைய கொத்தளம் குண்டடியை நன்றாகத் தாங்குமே, அதை விட்டு ஏன் கூர்முனைக்குப் போனார்கள்?

நேர்கோடு:

கடைசிக் கேள்வியில்தான் மற்ற இரண்டுக்கும் விடை இருக்கிறது, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வட்டக் கொத்தளம் வலுவானதுதான். சிக்கல் அதன் முன்னால் கிடக்கும் தரையில். இரண்டு பக்கத்துக் கொத்தளங்களிலிருந்தும் அந்த வட்டத்தைத் தொட்டுச் செல்லும் கோடுகளை வரைந்து பாருங்கள். இரண்டு கோடும் வட்டத்துக்கு முன்னே சந்திக்கும். வட்டத்துக்கும் அந்தச் சந்திப்புக்கும் நடுவே ஒரு முக்கோணத் துண்டு மிஞ்சும். அங்கே எந்தப் பக்கத்துச் சூடும் விழாது. மேலிருப்பவன் குனிந்து சுட்டால்தான் உண்டு. அதற்கு அவன் மார்புச்சுவரைத் தாண்டித் தலையை நீட்டவேண்டும். சுவரின் அடியைத் தோண்டி வெடிமருந்து வைக்க வருகிறவனுக்கு அந்த முக்கோணம் போதும். சதுரக் கோபுரம் என்றால் நிலைமை இன்னும் மோசம்.

அந்த முக்கோணத்தையும் சுவருக்குள் இழுத்துக்கொண்டால் கிடைக்கும் வடிவம்தான் கூர்முனைக் கொத்தளம். ஆக, முனை அழகுக்காக வந்ததில்லை. பக்கத்துப் பீரங்கிகளின் பார்வைக்கோடே அதை வெட்டி எடுத்தது. 1494-இல் பிரான்சின் எட்டாம் சார்லஸ் வெண்கலப் பீரங்கிகளோடும் இரும்புக் குண்டுகளோடும் இத்தாலிக்குள் நுழைந்தபிறகு இந்த மாற்றம் அங்கே வேகமெடுத்தது. கடற்கரை ஊரான நெட்டூனோவில் 1501-இல் தொடங்கிய கோட்டையின் நான்கு மூலையிலும் கூர்முனைக் கொத்தளங்களைக் காணலாம்.

இனி வரைவு. பக்கம் அஆ = 35 செ.மீ. அதன் நடுப்புள்ளியிலிருந்து கோட்டையின் உள்பக்கமாகச் செங்குத்தாக, பக்கத்தின் ஆறில் ஒரு பங்கு இறங்குங்கள்: 5.8 செ.மீ. அந்தப் புள்ளி வழியாக அ-விலிருந்தும் ஆ-விலிருந்தும் கோடுகளை நீட்டி வரையுங்கள். இவைதான் காப்புக்கோடுகள். ஒவ்வொன்றிலும் மூலையிலிருந்து பக்கத்தின் ஏழில் இரண்டு பங்கு, சரியாக 10 செ.மீ., குறித்தால் கொத்தள முகமும் அது முடியும் தோளும் கிடைக்கும். இரண்டு தோள்களுக்கும் இடையே 16 செ.மீ. இருக்கும். காம்பஸை அந்த அகலத்துக்கு வைத்து, அ பக்கத்துத் தோளில் ஊன்றி, அ-விலிருந்து வரும் காப்புக்கோட்டின் நீட்சியை வெட்டுங்கள். வெட்டிய புள்ளியை ஆ பக்கத்துத் தோளோடு சேர்த்தால் விலா தயார். மறுபக்கமும் இப்படியே. விலா 5.1 செ.மீ., இரு விலாக்களின் உள்முனைகளைச் சேர்க்கும் இடைமதில் 14.4 செ.மீ. வரவேண்டும். அரை செ.மீ.க்கு மேல் பிசகினால் பெரும்பாலும் காம்பஸைத் தவறான தோளில் ஊன்றியிருப்பீர்கள்.

இப்படி வரைந்தால் விலாவின் உள்முனையும் எதிர்க் கொத்தளத்தின் முகமும் ஒரே நேர்கோட்டில் விழும். உங்கள் வரைவில் அந்தக் கோடு ஒடிந்திருக்கிறது. அதனால்தான் பாதி முகம் மறைகிறது.

மண்ணும்சுண்ணாம்பும்:

அகழி பற்றிக் கேட்டதற்கு: இணையாகப் போடாதீர்கள். நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. முனையில் 3.5 செ.மீ. ஆரத்தில் ஒரு வில் போட்டு, அதைத் தொட்டு எதிர்க் கொத்தளத்தின் தோளை நோக்கி ஒரு கோடு இழுங்கள். அதுதான் வெளிக்கரை. அப்போது அகழி முனையில் குறுகியும் இடைமதில் பக்கம் விரிந்தும் இருக்கும். முகத்துக்கு இணையாக இழுத்தால், இடைமதிலின் முன்னே வெளிக்கரை நீட்டிக்கொண்டு நின்று விலாவிலிருக்கும் பீரங்கிகளின் பார்வையை மறைக்கும். அத்தனை கணக்குப் போட்டு வைத்த விலா பாதி வீணாகிவிடும்.

குறுக்குவெட்டில் கவனியுங்கள். அகழி 35 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம் என்றால் நீளத்தில் ஒரு மீட்டருக்கு 210 கன மீட்டர் மண் கிடைக்கிறது. உள்ளே மதில்மேடு, வெளியே கிளாசிஸ் எனப்படும், வயல்பக்கம் இறங்கும் மண்சரிவு இரண்டும் அந்த மண்ணில்தான் எழவேண்டும். மார்புச்சுவர் சுமார் 6 மீட்டர் தடிப்பில் வெறும் மண்ணாக இருக்கும். கல்லில் கட்டினால் குண்டு படும்போது சில்லு தெறித்து உள்ளே இருப்பவர்களையே கொல்லும். மண் குண்டை விழுங்கிக்கொள்ளும். மார்புச்சுவரின் உச்சி வெளிப்புறமாகச் சரிந்திருக்கவேண்டும். சமதளமாக விட்டால் துப்பாக்கியை அகழிக்கு அப்பால் வெளிக்கரை மேல் ஆட்கள் மறைந்து நடக்கும் மறைவழியை நோக்கித் தாழ்த்தமுடியாது.

கல்கட்டு அகழிக்குள்ளிருந்து எழும் சாய்சுவருக்கு மட்டும். 10 மீட்டர் உயரத்துக்கு ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்கு பின்சாய்வு, பின்னால் சுமார் 5 மீட்டருக்கு ஒரு உதைசுவர் மண்ணுக்குள் புதைந்திருக்கும். இதன் அருமை சுவர் உடையும்போதுதான் தெரியும். முற்றுகையிடுபவன் சுவரின் கீழ்ப்பகுதியில் கிடையாக ஒரு வெட்டுக்கோடு விழும்படி சுடுவான்; பிறகு இரு ஓரமும் செங்குத்தாக வெட்டுவான். முன்சுவர் பலகைபோல் விழுந்ததும் பின்னாலிருக்கும் மண் சரிந்து, அவன் ஏறிவருவதற்குச் சாய்தளமாகிவிடும். உதைசுவர்கள் இருந்தால் மண் சட்டென்று சரியாமல் நிற்கும்.

சுவரைக் கவிழ்க்கப் பீரங்கியே வேண்டும் என்பதும் இல்லை. மண்ணில் நீர் தேங்கினால் அதன் அழுத்தமே சுவரை வெளியே தள்ளும். அடியில் நீர்க்கசிவுத் துளைகள் விடாமல் கட்டிய சுவர் மழையிலேயே வயிறு தள்ளும்.

மாதிரி செய்பவர்கள் உயரத்தைக் கூட்டிக் காட்டுவது எனக்கு உறுத்தும். 1:1000-இல் சாய்சுவர் 1 செ.மீ. மட்டுமே. வெளியே நிற்பவன் கண்ணுக்குக் கல்கட்டே படக்கூடாது, கிளாசிஸுக்கு மேல் புல் மூடிய மண்மேடு மட்டும் தெரியவேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுமானத்தின் நோக்கமே.

கோட்டைவரைவு:

காம்பஸ் கணக்கு சரியாக வந்துவிட்டது, இருவருக்கும் நன்றி. பக்கத்தில் ஒரு சிறிய நாற்கோணக் கோட்டையும் வைக்க நினைக்கிறேன். அதற்கும் ஆறில் ஒரு பங்குதானா?

முற்றுகைக்கணக்கு:

கூடாது. நாற்கோணத்துக்கு எட்டில் ஒன்று, ஐங்கோணத்துக்கு ஏழில் ஒன்று, அறுகோணமும் அதற்கு மேலும் ஆறில் ஒன்று. காரணம் முனைக்கோணம். அறுகோணத்தின் 120 பாகையில் இருபுறமும் 18.4 கழித்தால் 83 பாகை மிஞ்சும், தாராளம். நாற்கோணத்தில் அதே கணக்கைப் போட்டால் 53-க்குச் சுருங்கிவிடும். அவ்வளவு கூரான முனையில் பீரங்கியைத் திருப்ப இடமிருக்காது. நாலைந்து குண்டிலேயே நுனி நொறுங்கும். எட்டில் ஒன்று என்றால் 62 பாகை கிடைக்கும். 60-க்குக் கீழே போகவே கூடாது என்பது அன்றைய பொறியாளர்களின் விதி.

நேர்கோடு சொன்னதோடு ஒன்று சேர்க்கவேண்டும். இந்த எண்கள் பின்னால் வந்த பாடநூல்கள் "முதல் முறை" என்று வகுத்தவை. வோபான் நிலத்தைப் பார்த்துத்தான் கட்டினார். முறை ஒன்று, இரண்டு, மூன்று என்று அவரே எண் போடவில்லை. சதுப்பு, ஆறு, மேடு எது இருந்தாலும் கோணங்கள் வளையும். உங்கள் தளம் சமவெளி என்றால் மட்டும் பாடநூல் வரைவை அப்படியே வையுங்கள்.

இன்னும் ஒரு பகுதி மாதிரிகளில் விடுபட்டுப்போகும்: குறுக்கு மண்மேடுகள். கொத்தள முகத்தின் நீட்சியில் பீரங்கியை நிறுத்தி, மருந்தைக் குறைத்துச் சுட்டால், குண்டு மார்புச்சுவரைத் தாண்டி விழுந்து மதில்மேட்டின் நீளம் முழுக்கத் துள்ளிக்கொண்டே போகும். வரிசையாக நிற்கும் பீரங்கிகளின் சக்கரங்கள் முறியும். 1697-இல் ஆத் நகரை வோபான் சுமார் இரண்டு வாரத்தில் பிடித்ததில் இந்தத் துள்ளுகுண்டுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த நகரத்துக்கு முன்பு அரண் கட்டியவரும் அவரே. மறைவழியிலும் மதில்மேட்டிலும் குறுக்கே மண்மேடு போட்டால் குண்டு அடுத்த மேட்டோடு நிற்கும். மறைவழியில் வைக்கும்போது ஆள் நடக்கச் சந்து விடவேண்டும், 1:1000-இல் ஒரு மி.மீ. கோடு போதும்.

ஒட்டுவதற்கு முன் நூல் சோதனை செய்துவிடுங்கள். விலாவின் உள்முனையில் ஊசி குத்தி, எதிர்க் கொத்தள முனை வரை நூலை இழுத்துப் பிடியுங்கள். முகம் நெடுக நூல் ஒட்டிக்கொண்டு போகவேண்டும். நடுவில் இடைவெளி தெரிந்தால் முகம் உள்ளே வளைந்திருக்கிறது. நூல் முட்டினால் வெளியே புடைத்திருக்கிறது. இரண்டு கோட்டைகளிலும் எல்லா விலாக்களுக்கும் பாருங்கள், நாற்கோணத்துக்கு எட்டு, அறுகோணத்துக்குப் பன்னிரண்டு.