மறு: மறு: 'பொயட்டிக் என்கொயரி'க்கு தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம். நர்சிங் மாணவிகளுக்கு ஆராய்ச்சி முறைகள் பத்தி தமிழ்ல ஒரு கையேடு எழுதிட்டிருக்கேன், 'பொயட்டிக் என்கொயரி'ல வந்து மாட்டிக்கிட்டேன். நோயாளி பேட்டில சொன்னத அவங்க வார்த்தையிலயே சுருக்கி கவிதையா அடுக்கி, அது மூலமா அவங்க பட்டத புரிஞ்சுக்கற முறை. 'கவிதை ஆய்வு'ன்னு போட்டேன், கூட வேலை பாக்கறவர் படிச்சுட்டு "ஏம்மா, பாரதியார் பாட்டையா ஆராயப் போறீங்க"ங்கறார். 'கவிதை விசாரணை'ன்னா போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வருது.

--------

> 'கவிதை ஆய்வு'ன்னு போட்டேன்

அவர் கேட்டது சரிதாம்மா. கல்வெட்டு ஆய்வுன்னா ஆராயப்படறது கல்வெட்டு. உங்க முறைல கவிதை கருவி, அதனால நடுவுல ஒரு 'வழி' வேணும்: கவிதைவழி ஆய்வு. 'பாவழி'ன்னு சுருக்கலாம்னு பாத்தேன், ஆனா மருத்துவம் பக்கத்துல 'பா' வந்தா சித்த மருத்துவ நூல்தான் நெனப்புக்கு வரும், அதெல்லாம் செய்யுள்தானே. தெரிஞ்ச மருந்த மனப்பாடம் பண்ண எழுதின பாட்டு அது, இது தெரியாதத தேடிப் போற பாட்டு.

--------

வணக்கம் அக்கா. ஐயா சொன்ன 'வழி' நல்லம், ஆனா 'ஆய்வு' எனக்கு இடிக்குது. லோரல் ரிச்சர்ட்சன் எண்ட அமெரிக்க சமூகவியலாளர் 1992ல எழுதினத பாருங்கோ, கலியாணம் கட்டாத தாய் ஒராளின்ர பேட்டி 36 பக்கம், அத அந்தத் தாயின்ர சொல்லுகளாலயே கவிதையா ஆக்கினவ. இது பக்கத்தில இருந்து கேக்கிற வேலை. உசாத்துணை எண்டு எழுதுறம்தானே, அந்த 'உசாவு' இருக்கு, கேட்டு அறியிறது எண்டு அர்த்தம். கவிதைவழி உசாவல்?

--------

உசாவல் அழகா இருக்கு தம்பி, ஆனா பரீட்சை பேப்பர்ல வந்தா எங்க பிள்ளைங்க அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்க. தலைப்புல 'கவிதைவழி ஆய்வு', உள்ள விளக்கத்துல உசாவலையும் போட்டுடறேன்.

இன்னொரு சிக்கல் ஐயா. கொரின் க்ளெஸ்னிங்கற கல்வி ஆராய்ச்சியாளர் 1997ல 'பொயட்டிக் டிரான்ஸ்கிரிப்ஷன்'னு ஒண்ணு சொன்னாங்க, பேட்டில எந்தப் பக்கத்துலேர்ந்து வேணா வரி எடுக்கலாம், பக்கத்துல பக்கத்துல வைக்கலாம், ஆனா வார்த்தை பேசினவங்களோடதா இருக்கணும், பேசற தாளமும் கெடக் கூடாது. 'படியெடுப்பு'ன்னா ஜெராக்ஸ் மாதிரி இருக்கு, 'கவிதையாக்கம்'னா நாமளே எழுதினதா ஆயிடும். 'பேட்டிக் கவிதை'ன்னு வெக்கட்டுமா?

--------

பேட்டிக் கவிதை போதும்மா, படிச்சவுடனே புரியுது. 'கவிதை ஆய்வ' மொத்தமா தூக்கிடாதீங்க. மருத்துவக் கல்லூரில சொல்லிக் குடுக்கற ஜொஹானா ஷாப்பிரோ 2009 புத்தகத்துல மருத்துவ மாணவர்கள் எழுதின கவிதைகளையே தரவா வெச்சு ஆராய்ஞ்சாங்களே, அதுக்கு அது அப்படியே பொருந்தும். உங்க நண்பர்கிட்டயும் சொல்லிடுங்க.